பந்திங் கோப்பில் அண்ணன் இட்ட கையெழுத்து

அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இன்று அவர் படத்துக்கு முன் நிற்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதித் தரும்படி வீட்டில் என்னைக் கேட்டார்கள். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எழுதுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு பகுதியை விட்டுவிடலாமா என்று அச்சகத்துக்குக் கொடுக்கும் நாள் வரை யோசித்தேன். விடவில்லை.

அண்ணன் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்தார். அப்பா தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவர். அண்ணன் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த ஆண்டில் அப்பா காலமானார். எனக்கு அப்போது ஒன்பது வயது. சில வாரங்களுக்குள் அண்ணன், எங்கள் குடியிருப்பிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்த வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். இரண்டு அறைகள், இரண்டு வழக்கறிஞர்கள், ஒரு தட்டச்சுப்பொறி. மழை பெய்தால் கோப்புகளை எல்லாம் ஒழுகாத அறைக்கு மாற்ற வேண்டும். இன்று பல நாடுகளில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனம் அங்கேதான் தொடங்கியது என்று சொன்னால், இப்போது அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

பகலில் மோட்டார் சைக்கிளில் கிள்ளான், ஷா ஆலாம் நீதிமன்றங்களுக்குப் பத்திரங்களைக் கொண்டுபோவார். வேலை முடிந்து வந்து படிப்பார். சட்டத் தேர்வில் இரண்டு முறை தோற்றார். வழக்கறிஞராகப் பதிவு பெற்றபோது அவருக்கு முப்பத்து மூன்று வயது. அதே அலுவலகம் அவரைக் கிள்ளான் கிளைக்கு அனுப்பியது. துறைமுக வழக்குகளும் சாலை விபத்து வழக்குகளும் அங்கே வந்து குவிந்தன. அந்தக் கிளையின் வருமானத்தில்தான் தலைமையகம் கோலாலம்பூரின் உயர்ந்த கட்டடம் ஒன்றுக்குக் குடிபோனது என்று அண்ணனே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பிறகு வங்கி வேலைகள் பார்த்த இன்னொரு நிறுவனம் வந்து சேர்ந்தது. ஜொகூர், பினாங்கு, சிங்கப்பூர் என்று கிளைகள் வந்தன. பெயர்ப்பலகையில் பெயர்கள் கூடிக்கொண்டே போயின. பன்னாட்டு நிறுவனம் ஒன்றோடு இணையப் போகிறோம் என்ற பேச்சு வந்தபோது எல்லாப் பெயர்களும் இறங்கி, ஒரே ஒரு வெளிநாட்டுப் பெயர் ஏறவிருந்தது. அதற்குள் அண்ணன் பங்குதாரர். திருமணம் செய்துகொள்ளவில்லை. அம்மா மறைந்த பின் பூச்சோங்கில் எங்களோடு இருந்தார்.

கிள்ளானில் இருந்த காலத்தில் பந்திங் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து சிலர் அவரைத் தேடி வந்தார்கள். தோட்டம் கைமாறியிருந்தது. தொழிலாளர்கள் தலைமுறையாகக் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது. அவர்களுக்கு ராஜம்மா அக்கா என்பவர் தலைவிபோல. அண்ணன் அந்த வழக்கை எடுத்து நான்கு ஆண்டுகள் நடத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் ஒவ்வொரு வீட்டாரிடமும் வாக்குமூலம் எழுதினார். கோலாலம்பூருக்கு மாற்றலான பிறகும் அந்தக் கோப்பை யாரிடமும் கொடுக்கவில்லை.

பன்னாட்டு நிறுவனங்களில் ஒரு வழக்கம் உண்டாம். ஒரு வழக்கை எடுக்குமுன் எதிராளியின் பெயரை எல்லா நாட்டு அலுவலகங்களுக்கும் அனுப்பி, அவர் எங்காவது நம்முடைய கட்சிக்காரரா என்று கேட்பார்கள். ஆம் என்று ஓர் இடத்திலிருந்து பதில் வந்தாலும் அந்த வழக்கைத் தொட முடியாது. இணைப்புக்கு முன் பழைய கோப்புகள் அத்தனையும் அப்படிப் போயின. பந்திங் கோப்புக்கு ஒரே வரியில் பதில் வந்தது. தோட்டத்தை வாங்கிய கம்பெனியின் தாய் நிறுவனம், நாங்கள் யாரும் பார்த்திராத ஏதோ ஒரு நகரத்து அலுவலகத்தின் கட்சிக்காரர்.

இது தர்மம் அதர்மம் பற்றிய விஷயமில்லை, விதி என்றால் விதிதான் என்று மூத்த பங்குதாரர் சொன்னாராம். அண்ணனுக்கு இரண்டு வழிகள் இருந்தன. தோட்டத்து மக்களைக் கைவிடுகிறோம் என்ற கடிதத்தில் கையெழுத்திடலாம். இல்லையென்றால், இணைப்பு நாளுக்கு முன் விலகி, கோப்போடு வெளியேறி, கிள்ளானில் தனியாக அலுவலகம் திறக்கலாம். விசாரணைக்கு ஐந்து வாரங்களே இருந்தன. அவர் இரண்டு கடிதங்களையும் தட்டச்சு செய்து வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டார்.

என் மகள் யாழினி அப்போது சட்டப் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தாள். அந்த நிறுவனத்தில் அவளுக்குப் பயிற்சி இடம் பேசி வைத்திருந்தார் அண்ணன்.

"இந்த வயசுல போய் தனியா ஆபீஸ் தொறக்கப் போறீங்களாண்ணே? யாழினி அடுத்த வருஷம் அங்கதானே சேம்பரிங் பண்ணணும்? நீங்க வெளிய வந்துட்டா அவள யாரு எடுப்பா? பேசாம சைன் பண்ணிடுங்க. அவங்களுக்கு வேற லாயர் கெடைக்காமயா போயிடும்?"

"கெடைக்கும்" என்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார். அன்று மீன் குழம்பு. இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

கடிதத்தை அஞ்சலில் அனுப்பாமல் அவரே கொண்டுபோனார். நானும் போனேன், கண்ணாடியை இறக்கிவிட்டேனே தவிர காரை விட்டு இறங்கவில்லை. ராஜம்மா அக்காவின் மருமகள் படித்துச் சொல்ல, அக்கா கடைசி வரை கேட்டார்.

"கே.எல்.ல உங்க பில்டிங் ரொம்ப ஒசரமாமே, லாயர் தம்பி. அங்கேருந்து பாத்தா நம்ம லயம்லாம் தெரியுமா?"

"பாத்துட்டேன்க்கா. தெரியல."

"அப்ப சரிதான்."

அதற்கு மேல் அவர் திட்டவில்லை. மருமகளை மைலோ கலக்கச் சொன்னார். "கார்ல டீச்சரம்மா உக்காந்திருக்காங்க பாரு, அவங்களுக்கும் குடுலா" என்றார். நான் வாங்கிக் குடித்தேன்.

வேறு வழக்கறிஞர் கிடைத்தார். நல்ல மனிதர்தான். நான்கு ஆண்டு வழக்கை ஐந்து வாரத்தில் அவரால் படிக்க முடியவில்லை. தவணை கேட்டார், கிடைக்கவில்லை. வழக்கு தோற்றது. சில மாதங்களில் லயங்களை இடித்தார்கள். அண்ணன் காரில் போய்த் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார். சட்டைக் காலரில் செம்மண் தூசி இருந்தது, நான்தான் துவைத்தேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. சுபாங் ஜெயா மருத்துவமனையில் படுத்திருந்தபோது நிறுவனம் தன் வரலாற்றை வழவழப்பான தாளில் புத்தகமாக வெளியிட்டு ஒரு பிரதியை அனுப்பியது. உள் அட்டையில் உலக வரைபடம். அலுவலகம் உள்ள ஊர்களில் எல்லாம் சிவப்புப் புள்ளி. துணிக்கடை மாடியின் படமும் இருந்தது. அண்ணனால் புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை. "பந்திங்னு எங்கயாச்சும் இருக்கா பாரும்மா" என்று யாழினியிடம் சொன்னார். அவள் பொறுமையாகக் கடைசிப் பக்கம் வரை புரட்டினாள்.

"இல்ல மாமா."

"சரி, மூடிடு."

அதன் பின் பதினொரு நாட்கள் இருந்தார். வலி அதிகம். அமைதியாகப் போனார் என்று எழுதுவது வழக்கம். அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை.

இறுதிச் சடங்குக்கு நிறுவனத்திலிருந்து ஆளுயர மலர்வளையங்கள் வந்தன. பந்திங்கிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். யாரும் கேட்காமலேயே பின்கட்டில் சமையலைப் பார்த்துக்கொண்டார்கள். ராஜம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அண்ணன் எங்கள விட்டுட்டு பெரிய எடத்துக்குப் போயிட்டாருன்னு ரொம்ப நாளு கோவமா இருந்தேம்மா. போனவரு மேல இனிமே என்ன கோவம்" என்றார். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்டேன்.

யாழினி பயிற்சியை முடித்து இன்றும் அங்கேதான் வேலை செய்கிறாள். அவளுக்கும் இதுவரை தெரியாது. இதைப் படித்த பின் அவள் என்னோடு எப்படிப் பேசுவாள், அந்த வேலையில் இருப்பாளா என்று எனக்குத் தெரியாது.

அண்ணனைக் கவனித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், விடுப்பெடுத்து ஆஸ்பத்திரியில் மாறி மாறி உட்கார்ந்த அலுவலக நண்பர்களுக்கும், இரத்தம் கொடுத்த கிள்ளான் நண்பர்களுக்கும், பதினாறாம் நாள் வரை எங்களைத் தனியே விடாத பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தோட்டத்து மக்களுக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதியில்லை. இந்த நினைவு மலரின் முதல் பிரதியை, ஒரு வாரம் முன்னதாகவே, ராஜம்மா அக்காவுக்கு அனுப்புகிறேன். அக்கா, மருமகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அன்று மேசையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. அண்ணன் கோப்போடு உங்களிடம் வரத் தயாராகத்தான் இருந்தார். வேண்டாம் என்றவள் நான். நீங்கள் அவர் மேல் பட்ட கோபம் என்னுடையது. நினைவு நாளுக்கு வந்தால் என்னைக் கேளுங்கள். வராவிட்டாலும் எனக்குப் புரியும். அன்று காலையிலிருந்து நான் வாசலில்தான் இருப்பேன்.

தங்கை,
பூச்சோங்