ஜெபமணி வைத்த அடை

ஜெபமணி இறந்த செய்தி ஒரு கோழியின் பேரில்தான் என்னிடம் வந்தது. அவருடைய மகன் சாமுவேல் போன் செய்து, "அய்யா, அப்பாவோட கோழிய நீங்க எடுத்துக்கிடுதியளா? ரூமக் காலி பண்ணணும்" என்றான். அப்பா எங்கே போகிறார் என்று கேட்டேன். "உங்களுக்கு யாரும் சொல்லலியா? ஊர்ல அடக்கத்த முடிச்சிட்டு இன்னைக்குத்தான் வந்தேன்."

யாரும் சொல்லவில்லை. காலனியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்களாம். அந்தக் குழுவிலிருந்து என்னை இரண்டு முறை நீக்கினார்கள். மூன்றாம் முறை நானே வெளியேறினேன். ஆனால் என் வீடு எங்கே இருக்கிறது என்று வேலம்பாளையத்தில் எல்லாருக்கும் தெரியும். நடந்து வந்து ஒரு வார்த்தை சொல்ல ஒருவருக்கும் கால் வரவில்லை. இப்போது காலனி மலருக்கு அவரைப் பற்றி நான்கு வரி எழுதித் தரச் சொல்கிறார்கள். நான்கு வரி எழுத என்னால் முடியாது. எழுதவே அலுப்பாக இருக்கிறது. எழுதுவதானால் முழுதாக எழுதுவேன், வெட்டக் கூடாது.

அவரிடம் முட்டை வாங்காதவர்கள் நம் தெருக்களில் குறைவு. ஆனாலும் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மண் காட்டிலிருந்து இளவயதில் திருப்பூருக்கு வந்தவர். கண் மங்கும்வரை நிட்டிங் மெஷின் ஓட்டினார். மனைவி போனபின் மகனோடு போகாமல் லைன் வீட்டில் ஒற்றை அறையில் இருந்தார். நான் துணி செக்கிங்கில் இருந்தவன். பொங்கலூரில் எனக்கு இருந்த காட்டைப் பங்காளிகள் எழுதி வாங்கிக்கொண்ட கதை இங்கே வேண்டாம்.

வேலையை விட்டபின் நான் கோழி வளர்த்தேன். அவை முட்டை இட்டன, அடைக்கு உட்காரவில்லை. ஒருநாள் சேவல் கூவுவதைக் கேட்டுத் தெருவில் போன ஜெபமணி உள்ளே வந்தார். அதுதான் எங்கள் முதல் பழக்கம்.

"முட்டைய எப்பம் எடுக்கிய அண்ணாச்சி?"

"இட்ட ஒடனே எடுத்துப்போடறதுங்க. உட்டா எலி தின்னுபோடும்."

"பெறவு அது எதுக்கு உக்காரும்? வச்சதக் காணோமேன்னு மறுபடி ஒண்ணு வைக்கும். அம்புட்டுத்தான்."

அடுத்த நாள் கையில் ஒரு பையோடு வந்தார். நூல்கண்டுக் கோனில் மிஞ்சும் வெள்ளை நூலை இறுக்கிச் சுற்றி முட்டை அளவில் உருண்டைகள் செய்திருந்தார். நிஜ முட்டையை எடுத்துக்கொண்டு இவற்றை வைத்துவிட வேண்டுமாம். "ஏனுங்க, வாயில்லாத சீவன ஏமாத்தறீங்களே" என்றேன். "ஏமாத்தல அண்ணாச்சி. ஒனக்குன்னு கொஞ்சம் சேந்திருக்குன்னு அதுக்குத் தெரியணும்லா" என்றார்.

கூடையை நான் முற்றத்தின் நடுவில், கண்ணில் படும்படி வைத்திருந்தேன். அதையும் அவர் விடவில்லை. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இருட்டாகக் கிடந்த சந்தில் கொண்டுபோய் வைத்து, மேலே ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, வழி மட்டும் விட்டார். "பிள்ள பெறுத எடத்துல டியூப்லைட் போடுவியளா?" என்றார்.

"ஆஸ்பத்திரியில போடறாங்களேங்க."

"அதான் கோழி ஆஸ்பத்திரிக்குப் போகாது."

சில நாட்களில் செவலைக் கோழி உட்கார்ந்தது. கையைக் கிட்டே கொண்டுபோனால் உடம்பைப் பெரிதாக்கி உறுமியது; மார்பின் இறகைத் தானே பிடுங்கிப் போட்டது. ஜெபமணி நூல் முட்டைகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நல்ல முட்டைகளை உள்ளே தள்ளினார். "இனி அது பாடு. நாம தீனியும் தண்ணியும் வச்சிட்டு வேற சோலியப் பாப்போம்."

என்னால் அப்படி இருக்க முடியாது. துணியை விளக்கின் மேல் ஓடவிட்டு ஓட்டையையும் விட்டுப்போன இழையையும் பிடிப்பது என் தொழிலாக இருந்தது. ஏழாவது நாள் கோழியைத் தூக்கி, முட்டைகளை ஒவ்வொன்றாக போன் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கரு கட்டியிருந்தால் உள்ளே சிவப்பு நரம்பு ஓடும். இல்லாவிட்டால் வெறும் மஞ்சள் தெரியும். அந்நேரம் பார்த்து ஜெபமணி வந்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, லாட்டு பாஸா?"

"ரெண்டு ரிஜெக்ட்டுங்க."

"அந்த ரெண்டையும் உள்ளயே வையிங்க. சும்மா சும்மா தூக்குனா அது எந்திச்சுப் போயிரும்."

அழுகிய முட்டை வெடித்தால் மற்றவையும் கெடும். இது உண்மை. அவரும் மறுக்கவில்லை; ஒப்புக்கொள்ளவும் இல்லை. அந்த அடையில் பாதிதான் பொரித்தது. நான் தூக்கியதால்தான் மீதி போயிற்று என்று அவர் சொன்னார். நான் தூக்கியதால்தான் பாதியாவது மிஞ்சியது என்று நான் சொன்னேன். அதன்பின் ஒரு கோடை முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எதிரில் வந்தால் அவர் டீக்கடைக்குள் நுழைந்துவிடுவார்.

அவர் தவறே செய்யாதவர் என்று யாரும் எண்ண வேண்டாம். இந்த ஊரில் பனியன் கம்பெனிகள் வெட்டித் தள்ளும் வேஸ்ட் துணியில்தான் வண்டி துடைக்கிறோம், தலையணை அடைக்கிறோம், குழாய்க்குக் கட்டுப் போடுகிறோம். மெத்தென்று இருக்குமே என்று அவர் அதையே தம் அடைக் கூடையிலும் போட்டார். பொரித்த குஞ்சுகளின் காலிலெல்லாம் நூல் சுற்றிக்கொண்டது. ஒன்றின் கால் கறுத்துப்போய் அது செத்தது. கோடைச் சண்டையை மறந்து அவரே என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார். போனபோது, பிசிறு வெட்டும் சின்னக் கத்தரியோடு தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு இழையாக வெட்டிக்கொண்டிருந்தார். மணல் போட வேண்டிய இடத்தில் துணியைப் போடுவார்களா என்று நான் விடாமல் சொல்லிக்காட்டினேன்.

"சொல்லுங்க அண்ணாச்சி, நல்லாச் சொல்லுங்க. இந்தக் குஞ்சப் பிடிச்சுக்கிட்டே சொல்லுங்க" என்று ஒன்றை என் கையில் வைத்தார். எல்லாக் கால்களும் விடுபடும்வரை பிடித்துக்கொண்டும் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

போன கோடையில் வெள்ளைக்கழிச்சல் வந்து அவருடைய கோழிகளை வாரிக்கொண்டு போயிற்று. ஊரிலிருந்து கொண்டுவந்து, வழிவழியாக அவர் காப்பாற்றிவந்த கறுப்புக் கோழிகள் அவை. ஒரு பெட்டையும் ஒரு சேவலும் மிஞ்சின. சேவலை இந்த ஆண்டு நாய்கள் கொண்டுபோயின. சேவல் போனபின்னும் பெட்டை இடும் முட்டையில் சில நாட்களுக்குக் கரு இருக்கும். அந்த நாட்களின் முட்டைகள்தான் அவர் கையில் இருந்தன. அவை பொரிக்காவிட்டால் அந்தக் கறுப்பு அத்தோடு முடிந்தது.

பெட்டையோ உட்காரவில்லை. பக்கத்துக் கம்பெனி சுவரோரமாக ஜெனரேட்டர் வைத்ததிலிருந்து அது எந்த மூலையிலும் தங்கவில்லை. அறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட குளியலறைதான் சத்தம் குறைந்த இடம் என்று அவர் கண்டுபிடித்தார். மணல் பரப்பிய கூடையை அங்கே வைத்து, நூல் முட்டைகளைப் போட்டு, கதவைப் பாதி சாத்தி, தான் வெளியே வந்துவிட்டார். இருமிக்கொண்டே தெருக்குழாயில் குளித்தார்.

"ஏனுங்க ஜெபமணி, கோழிக்குக் குளிக்கற ரூமக் குடுத்துப்போட்டு நீங்க தெருவுல நிக்கறீங்க."

"நான் எங்க வேணாலும் குளிச்சுருவேன். அதுக்கு வேற எடம் பிடிக்கலயே அண்ணாச்சி."

கடைசியில் அது உட்கார்ந்தது. முட்டைகளை வைத்துவிட்டு வந்து சொன்னார். ஒரு வாரம் பொறுத்து, விளக்கு வைத்துப் பார்த்துவிடலாம் என்றேன். அவர் தலையாட்டவில்லை.

"பாத்து, ஒண்ணும் இல்லன்னா நான் என்ன செய்ய?"

"வேற முட்ட வெக்கலாமுங்க."

"வேற சேவல் முட்டையா? அது வேற கோழியில்லா."

அதற்குப்பின் அவர் நெஞ்சு வலி என்று மகன் வீட்டுக்குப் போனார். கோழிக்குத் தீனி வைக்கும் பொறுப்பைப் பக்கத்து அறையின் வடநாட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். என்னிடம் கொடுக்கவில்லை. கொடுத்தால் நான் விளக்கடித்துப் பார்ப்பேன் என்று நினைத்திருப்பார். நினைத்தது சரிதான்.

சாமுவேல் அழைத்ததும் போனேன். அறை காலியாகிக்கொண்டிருந்தது. குளியலறை இருட்டில் கோழி முட்டைகளின் மேல் அசையாமல் கிடந்தது. வாசலில் வீட்டுக்கார அம்மா நின்றிருந்தார்.

"ஏனுங்க அய்யா, குளிக்கற எடத்துல கோழி அவயம் படுத்திருந்தா எந்தக் குடும்பம் குடிவரும்?"

"பொரிக்கற வரைக்கும் பூட்டி வெய்யுங்க."

"ஊட்டயே பூட்டி வெக்கோணுமா? பொரிக்குமுங்களா அது?"

சாமுவேல் போனை எடுத்து விளக்கைப் போட்டான். நல்ல பையன், கம்பெனியில் பேசிப் பேசி எதையும் இருபக்கமும் ஒத்துவரும்படி முடிக்கப் பழகியவன். "அய்யா, நீங்க லைட்டு வச்சுப் பாப்பியள்னு அப்பா சொல்வாவ. பாத்துருங்க. உசுரு இருந்தா நானே இந்த அம்மாகிட்ட டைம் கேக்குதேன். இல்லன்னா சும்மா எதுக்கு? தூக்கிட்டுப் போயிருவோம்."

"அதுதானுங்க நாயம்" என்றார் வீட்டுக்கார அம்மா.

நியாயம்தான். இத்தனை வருடமாக நான் பேசிய பேச்சே அது. போனை என் கையில் கொடுத்தான். கதவைத் தள்ளினால் முடிந்தது. கோழி உள்ளே உறுமியது. விளக்கை அணைத்துப் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"வேண்டாமுங்க."

"ஏனுங்க?" என்றார் அந்த அம்மா.

"அது ஜெபமணி வெச்ச அடைங்க. பாக்கறதுக்கு அவரு ஒத்துக்கல."

"அவருதான் இல்லீங்களே சாமி."

"இல்லீங்கறதுனாலதானுங்க. இருந்தா இன்னொருக்காக் கேட்டுப் பாத்திருப்பேன்."

வீட்டுக்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்த மாதக் கடைசி வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். சாமுவேல் சாவியை என்னிடம் தந்தான்.

இதை எழுதும்போதும் கோழி உட்கார்ந்திருக்கிறது. காலையில் போய்க் கம்பும் தண்ணீரும் வைத்துவிட்டு, வெறும் அறையில் கொஞ்சநேரம் இருந்துவிட்டு வருகிறேன். அது எழுந்து தீனிக்கு வரும்போது கூடை திறந்து கிடக்கிறது. நான் சுவரைப் பார்த்துக்கொள்கிறேன். கெட்ட முட்டையை எடுத்துவிட வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை, மாறாது. குஞ்சு வருமா என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்கிறார்கள். தெரியாது என்கிறேன். பார்த்த மாத்திரத்தில் பாஸ், ரிஜெக்ட் என்று சொல்லியே பழகிய வாய் இது. 'தெரியாது' என்ற சொல் அதில் இன்னும் கசக்கிறது. ஜெபமணியிடமிருந்து என் பங்குக்கு வந்தது அந்தக் கசப்புதான், அதை வைத்துக்கொள்கிறேன்.