கம்பியில்லாம நிக்குமுங்களா?

ஊட்டுக்குள்ள நொழஞ்சதும் மொத வேலையாக் கழட்டி எறியற சாமானத்தை, சிரிச்ச மொகமா விக்கற பொழப்புங்க நம்முது. நெஞ்சுல கைய வெச்சுச் சொல்லுங்க அக்காமாருங்களா, பட்டை தோளை அறுக்க, கம்பி வெலாவுல குத்த, பஸ்ல ஆரும் பாக்காத நேரமாப் பாத்து முந்தானைக்குள்ள கைய உட்டு இழுத்து உட்டுக்காதவீக நம்மள்ல ஆராச்சும் இருக்கறீங்களா? நானும் இழுத்து உட்டவதானுங்க.

துடியலூர்ல மேட்டுப்பாளையம் ரோட்டு மேல நைட்டி, உள்துணி விக்கற சின்னக் கடைங்க எங்களுது. மொதலாளி பாய், கோட்டைமேட்டுக்காரரு. வேலைக்கு நானு ஈஸ்வரி, கூட சுமதி. நான் தொணதொணன்னு தொணச்சதுல, கம்பியில்லாத பாடி, அதானுங்க வயர்லெஸ் பிரா, அதை ஒரு பெரிய பெட்டி எறக்குனாரு பாய். எறக்குன கையோட, "ஆடி முடியறதுக்குள்ள போகலைன்னா பெட்டியோட டீலருக்கே திருப்பி அனுப்பிருவேம்மா"ன்னும் சொல்லிப்போட்டாரு. திருப்பி அனுப்ப உடுவனுங்களா நானு? கம்பி குத்திச் செவந்த வெலாவைக் காட்டி அழுகாத கொறையாப் பேசறவீகளை நாந்தானுங்களே தெனமும் பாக்கறேன்?

‘அது’ இருக்குங்களா?

எங்க கடைக்கு வர்ற பொம்பளைக ஆரும் பேரைச் சொல்லிக் கேக்க மாட்டாங்க. மொதல்ல ரெண்டு கர்ச்சீப் எடுப்பாங்க. பொறவு நைட்டியப் பொரட்டுவாங்க. பாய் உக்காந்திருக்கற கல்லாவை ஒரு பார்வை, மேல சுத்தற ஃபேனை ஒரு பார்வை. அப்பறம் எம்பட காதுகிட்ட வந்து, கோயில்ல ரகசியம் சொல்றாப்ல, "ஏனுங்க அம்மணி... அது... இருக்குங்களா?" பாவம் பாய், அந்நேரத்துக்குப் பேப்பரை மொகத்துக்கு நேராத் தூக்கிப் புடிச்சுக்குவாரு. ஒருக்காத் தலகீழாப் புடிச்சிருந்தாரு, நானே பாத்தேன்.

ஒரு கவுண்டரம்மா வந்தாங்க, நல்லா வாட்டசாட்டமான ஆளு. என்ன சைஸுங்கன்னு கேட்டேன். முப்பத்திரெண்டுன்னாங்க. எனக்குச் சிரிப்பு முட்டிக்கிச்சு, இருந்தாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "கடைசியா எப்ப அளந்தீங்க?"ன்னு கேட்டேன். அவிய கொஞ்சங்கூட அசராம, "என்ற கல்யாணத்துக்கு எங்கம்மா எடுத்துக் குடுத்த நெம்பருங்க அது. இப்ப எம்பொண்ணுக்கே கல்யாணமாயிப்போச்சு, ஆனா நெம்பரை மாத்திக்கோன்னு ஆரும் சொல்லலீங்களே!"ன்னாங்க.

பஞ்சு என்னத்தைத் தாங்கும்?

கம்பியில்லாததை எடுத்துக் காட்டுனா, காய்கறிக்கடையில வெண்டைக்காயை ஒடிச்சுப் பாக்கறாப்ல மடக்கி மடக்கிப் பாப்பாங்க. கம்பி தட்டுப்படலைன்னா மொகம் சுண்டிப்போகும். நானும் மூச்சு உடாமச் சொல்லுவேன். "தாங்கறது கம்பியுமில்லீங்க, தோள்பட்டையுமில்லீங்க. மாருக்குக் கீழ சுத்தி வருது பாருங்க, இந்தப் பட்டி, இதுதானுங்க பாரத்தைத் தாங்கறது. அதனால பட்டி அகலமா இருக்கோணும், ஒடம்போட ஒட்டி நிக்கோணும், ரெண்டு வெரலு நொழையற அளவுக்கு எடமும் இருக்கோணும்." எல்லாத்துக்கும் ம்ம் ம்ம்னு தலையாட்டுவாங்க.

ஆனா போட்டுப் பாக்காம எப்படிங்க நம்புவாங்க? எங்க கடையில போட்டுப் பாக்க எடமில்லை, செவுத்துக்குச் செவுரு பெட்டிதான். ஒரு ஓரமாத் திரை கட்டலாம் பாய்னு கேட்டா, "சரக்கு வெக்கவே எடமில்லம்மா"ம்பாரு. போதாததுக்கு, வாங்குனது வாங்குனதுதான், மாத்திக் குடுக்க மாட்டோம்னு போர்டு வேற தொங்குது. அப்பறம் ஆரு துணிஞ்சு வாங்குவாங்க? காலேஜ் மெஸ்ஸுல சமைக்கற அக்கா ஒருத்தங்க பட்டியை இழுத்துப் பாத்துட்டு, திருப்பி எங்கையிலயே வெச்சுப்போட்டாங்க. "கம்பி போட்டதே தாங்கலீங்கோ, இந்தப் பஞ்சு என்னத்தைத் தாங்கும் கண்ணு?"

கமலக்கா கடைத் திரை

ஆடி பாதி போயிருச்சு, பெட்டி அப்படியே குக்கீட்டிருக்குது. அப்பத்தான் பக்கத்துக் கடை கமலக்காளைப் பாத்தேன். ஜாக்கெட் தைக்கறவங்க. எங்ககிட்ட பேரைச் சொல்லவே நெளியற அதே பொம்பளைக, அங்க போயிக் கையத் தூக்கி, முதுகக் காட்டி, "இங்க கொஞ்சம் லூஸ் உடுங்கக்கா"ன்னு கணீர்னு பேசறாங்க! அளவெடுக்கத் திரை போட்ட மூலையும் ஒண்ணு அங்க இருக்குது. அக்கா, உங்க திரையைக் கொஞ்சம் எரவல் குடுங்கன்னேன். சரின்னுட்டாங்க. சைஸுக்கு ஒண்ணு எடுத்து, மெல்லிசு பனியனுக்கு மேல போட்டுப் பாக்கச் சொல்லி ஏற்பாடு.

திரைக்கு வெளிய நின்னுக்கிட்டு நான் கத்துவேன். "பஸ்ல கம்பியப் புடிக்கறாப்ல கையத் தூக்குங்க! பட்டி மேல ஏறுதுங்களா? ஏறுனா லூஸு. வாசல்ல கோலம் போடறாப்ல குனிங்க! பிதுங்குதுங்களா? பிதுங்குனா கப்பு பத்தலை. மூச்ச இழுத்து உடுங்க! புதுசை எப்பவும் கடைசிக் கொக்கியில மாட்டோணுங்க, நாள்பட நெகிழ்ந்தா உள்ள தள்ளிக்கலாம்." அந்த மெஸ் அக்காளைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிக்கிட்டு வந்தேன். கையத் தூக்குனாங்க, குனிஞ்சாங்க. எப்படி இருக்குதுங்கன்னு கேட்டேன். உள்ளருந்து கொரலு மட்டும் வந்துச்சு. "அம்மணி, இதே அளவுல புதுசு ஒண்ணு கொண்டாங்க, போட்டுக்கிட்டே போயர்றேன். பழசை நீங்களே குப்பையில போட்டுருங்க."

வாழநாரு முடிச்சு

ஒரு நா, வேட்டியை மடிச்சுக் கட்டுன தோட்டத்துக்காரரு ஒருத்தரு வாசப்படியில நின்னு ஏறறதும் எறங்கறதுமா இருந்தாரு. வாங்கண்ணான்னேன். கையிலிருந்த பையைத் தொறந்து சம்சாரத்தோட ஜாக்கெட்டை நீட்டுனாரு. "கம்பி குத்திப் புண்ணாக் கெடக்குதுங்க. நாந்தான் எண்ணை வெச்சு உடறேன். அவ கடைக்கு வரக் கூச்சப்படறா." சுமதி சிரிச்சுப்போட்டா. நான் அவளைக் கிள்ளி வெச்சேன்.

ஜாக்கெட் அளவு ஆகாதுங்கண்ணா, மாருக்குக் கீழ ஒரு சுத்து, மாரு மேல ஒரு சுத்து, நூல்ல அளந்து முடிச்சுப் போட்டுக் கொண்டாங்கன்னு சொல்லி அனுப்புனேன். மக்யா நாள் வந்தாருங்க, வாழநாருல ரெண்டு முடிச்சு! நனைச்சு, சுருங்காம நீவிக் கொண்டாந்திருந்தாரு. கல்லாவுல இருந்த பாய் பேப்பரைக் கீழ வெச்சுட்டு, அந்த நாரையே பாத்துக்கிட்டிருந்தாரு. சரியா இல்லைன்னா நானே மாத்தித் தர்றேன், போர்டைப் பாக்காதீங்கன்னு சொல்லிக் குடுத்தேன். அண்ணன் நாரைச் சுருட்டி மடியில செருகிக்கிட்டுச் சொன்னாரு: "காளைக்கு மூக்கணாங்கயிறு வாங்கையிலகூட அளவு பாத்துத்தானுங்க வாங்குவேன். இத்தன வருசத்துல இவளுக்குத்தான் பாக்காம உட்டுப்போட்டேன்."

பாய் எந்திரிச்சாரு

ஆடிக் கடைசி. பெட்டியில பாதிக்கு மேல இன்னும் கெடக்குது. டீலரு வண்டி சாயந்திரம் வருதுன்னு பாய் சொல்லியாச்சு. மத்தியானம் வால்பாறையிலருந்து ஒரு அக்கா, மகளோட வந்தாங்க. எஸ்டேட்ல கொழுந்து பறிக்கறவங்க. புள்ளைய இங்க பக்கத்துக் காலேஜ் ஹாஸ்டல்ல சேக்க வந்தவங்க, புள்ளைக்கு வேணுங்கறதெல்லாம் வாங்கிட்டாங்க. புள்ளதான் உட மாட்டேங்குது. "அம்மாவுக்குப் பாருங்கக்கா. கொழுந்துப் பையைத் தூக்குனா தோளுல பட்டை அறுக்குது. வர்ற வழியில மலைப்பாதை வளைவுக்கு வளைவு கம்பி குத்தி, வெலாவைப் புடிச்சுக்கிட்டே வந்துச்சு." அந்தக்கா, "எனக்கெதுக்கும்மா இப்ப, பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னு மகளை இழுக்கறாங்க.

போட்டுப் பாருங்கக்கான்னு கமலக்கா கடைக்குக் கூட்டிக்கிட்டு ஓடுனா, கடை பூட்டிக் கெடக்குது. ஒறம்பரை ஊர்ல கோயில் நோம்பின்னு போயிட்டாங்களாம். எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. அந்தக்கா, "பரவால்ல தங்கச்சி, பழகிருச்சு"ன்னு பையை எடுத்துட்டாங்க.

அப்ப கல்லாவுல சேரு நகர்ற சத்தம். பாய் எந்திரிச்சு, சேரையும் பேப்பரையும் தூக்கிக்கிட்டு ரோட்டோரம் போயி, ஷட்டரைக் கரகரன்னு எறக்கி உட்டுட்டு, கடைக்கு முதுகக் காட்டி உக்காந்துக்கிட்டாரு. வெளிய ஆரோ ஆம்பளை வந்து கேக்கறதும், "உள்ள ஆளுக இருக்காங்க, செத்த பொறுங்க"ன்னு பாய் அதட்டறதும் கேக்குது. உள்ள அந்தக்கா கையத் தூக்குனாங்க, குனிஞ்சாங்க, கொழுந்துப் பையைத் தோளுல போடறாப்ல மகளோட பையைத் தூக்கி மாட்டுனாங்க. அப்பறம் ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டிச் சிரிச்சாங்க பாருங்க, மகளுக்கே ஆச்சரியம். ஷட்டரைத் தூக்குனா, வெளிய நாலஞ்சு பொம்பளைக! மூடுன கடைக்குள்ள என்ன நடக்குதுன்னு கேட்டு வரிசையில நிக்கறாங்க. சாயந்திரம் வந்த டீலரு வண்டியை வெறுமனே அனுப்பிட்டு, திரை கட்டக் கல்லாவுக்குப் பின்னால இருந்த பெட்டியெல்லாம் தானே நகத்திக்கிட்டு பாய் சொன்னாரு: "இத்தன வருசமா ஏவாரம் பண்றேன் ஈஸ்வரி, கடைய விட்டு நான் வெளிய போனாத்தான் ஏவாரம் ஆகும்னு இன்னிக்குத்தாம்மா தெரிஞ்சுது."

மொத்தத்துல நான் கண்டுக்கிட்டது என்னன்னா, பொம்பளைக்குத் தோதா ஒண்ணு அமையோணும்னா, கம்பி வேணுமா வேண்டாமான்னு பாக்கறதுக்கு மின்னாடி, மூச்சு உட்டுப் பாக்க அவளுக்கு ஒரு மூலை வேணுமுங்க.