வேப்பமரத்துக்கு வந்த செய்தி

அன்றைக்கு எனக்குப் போர்த்திய சால்வை இன்னும் பீரோவின் மேல் பிளாஸ்டிக் உறையோடு கிடக்கிறது. தூக்கிப் போடவும் முடியவில்லை, தொடவும் பிடிக்கவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் பிரியாணி வாசனை வருகிறது.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். எங்கள் ஊர் அரியலூருக்குப் பக்கத்தில், சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து டிப்பர் லாரிகள் வந்து போகும் ரோட்டின் மேலேயே இருக்கிறது. கணவருக்கு வெளிநாட்டில் வேலை. அவருடைய தம்பி, என் கொழுந்தன், அந்த ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்தான். எனக்கு ஒரே மகள். உளவியலில் ஆராய்ச்சி மாணவி.

அவள் படிக்கும் இடத்தில் ஐந்து துறைகள் சேர்ந்து ஒரு பெரிய ஆராய்ச்சியை எடுத்தார்கள். லாரி ரோட்டுத் தூசி மனிதர்களை என்ன செய்கிறது என்பது மருத்துவத் துறைக்கு. மரங்களையும் வண்டுகளையும் என்ன செய்கிறது என்பது சூழலியலுக்கு. அதை எல்லாம் சமன்பாடாக்குவது கணிதத்துக்கு. இப்படிப்பட்டவர்களின் ஆயுள் எவ்வளவு, அவர்களுக்குப் பாலிசி கொடுத்தால் கம்பெனிக்கு என்ன ஆகும் என்பது காப்பீட்டுப் புள்ளியியலுக்கு. இவர்கள் தங்கள் உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது உளவியலுக்கு. ஊர் தேடியபோது மகள் எங்கள் ஊரைச் சொன்னாள். நம்ம வீட்டுப் பெண் என்று தெருவே கதவைத் திறந்து வைத்தது.

சமுதாயக்கூடத்தில் வைத்துத்தான் நடத்தினார்கள். மேசை, வெள்ளைக் கோட்டு, வரிசை, ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட். ஊரில் எல்லோரும் அதைக் கேம்ப் என்றுதான் சொன்னார்கள். கண் கேம்ப், சர்க்கரை கேம்ப் என்று எங்களுக்குப் பழக்கம் உண்டு. அதில் ஒரு வழக்கமும் உண்டு. ஏதாவது கோளாறு இருந்தால் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். கூப்பிடவில்லை என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. கூப்பிடாதவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ப் போய் அதுவே சட்டமாகிவிட்டது.

ஒரு மெஷினில் வாய் வைத்து ஊத வேண்டும். கொழுந்தன் முறை வந்தபோது கூட்டம் சிரிக்கத் தயாராகிவிட்டது.

"காத்து புடிக்கிறது நம்ம தொழிலு. டயரா இருந்தா என்ன, டியூபா இருந்தா என்ன, குடுங்க இப்புடி" என்றான்.

"பாத்துண்ணே, வெடிச்சுடப் போவுது" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஊதினான். பாதியிலேயே இருமல் வந்தது. மறுபடி ஊதினான். பக்கத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றது என் மகள்தான். ஆள் பற்றாத நாள் அது. "சூப்பர் சித்தப்பா" என்றாள். அவன் மீசையை நீவிக்கொண்டு இறங்கினான். பிறகு அவளே அவனை உட்கார வைத்துக் கேள்விகள் கேட்டாள். உங்கள் உடல்நலம் குறித்துக் கவலைப்படுகிறீர்களா என்பது அதில் ஒன்று.

"கவலையா? எனக்கா? நீ கல்யாணம் பண்ணிக்க மாட்டேங்கிறியே, அதாம் பாப்பா எனக்குக் கவல."

அவனுக்கு அதற்கு முன்பே இருமல் இருந்தது. திருச்சிக்குப் போய்க் காட்டிவிட்டு வா என்று நான் நச்சரித்து, போவதாக ஒத்துக்கொண்டிருந்தான். கேம்ப் முடிந்து நாட்கள் போயின. யாரும் கூப்பிடவில்லை. அடுத்த முறை நான் கேட்டபோது, "அதான் மெஷின்லயே பாத்துட்டாங்களே அண்ணி. இருந்தா சொல்லியிருக்க மாட்டாங்களா? நம்ம பாப்பாவே அங்கதான இருக்கு" என்றான். எனக்கும் அது சரி என்றே பட்டது.

இடையில் ஒருமுறை சூழலியல் துறைப் பையன் ஒருவன் வந்தான். பஞ்சர் கடைக்கு நிழல் தரும் வேப்பமரத்தில் அவர்கள் தகரத்தில் ஒரு எண் அடித்திருந்தார்கள். அந்த மரத்தின் இலைகளில் தூசி அடைத்து மூச்சு விட முடியாமல் இருக்கிறது, இப்படியே விட்டால் பட்டுப்போகும், முடிந்தபோது தண்ணீர் பீய்ச்சிக் கழுவி விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். நல்ல பையன். அதைச் சொல்வதற்காகவே பஸ் ஏறி வந்திருந்தான். அன்றிலிருந்து வண்டி கழுவும் குழாயைத் தூக்கிப் பிடித்து மரத்தைக் குளிப்பாட்டுவது கொழுந்தனுக்கு ஒரு வேலையாயிற்று. இருமிக்கொண்டே குளிப்பாட்டுவான்.

ஆராய்ச்சி முடிந்ததும் கருத்தரங்கம் வைத்தார்கள். பெரம்பலூரைத் தாண்டி, சிறுவாச்சூருக்கு முன்னால் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கல்லூரி அரங்கம். ஊர் சார்பில் எங்கள் இருவரையும் அழைத்திருந்தார்கள். கொழுந்தன் கல்யாணத்துக்குப் போவது போல வெள்ளை வேட்டி சட்டையில் வந்தான். வெள்ளிக்கிழமையாக இருந்ததால், முடிந்ததும் சிறுவாச்சூர் கோயிலுக்குப் போய்விட்டு வரலாம் என்று பஸ்ஸிலேயே சொல்லி வைத்தான்.

முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். சால்வை போர்த்தினார்கள். பிறகு விளக்கை அணைத்துப் படம் போட ஆரம்பித்தார்கள். பேச்சு முழுக்க ஆங்கிலம். கொழுந்தன் அவ்வப்போது இருமினான். மாணவி ஒருத்தி தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

மருத்துவத் துறைக்காரர் பேசும்போது திரையில் ஒரு புகைப்படம் வந்தது. ஒரு மனிதன், முகத்தைக் கட்டம் கட்டமாக மறைத்திருந்தார்கள். பின்னால் ஒரு கம்ப்ரசர், அதன் மேல் தொங்கும் எலுமிச்சம்பழமும் மிளகாயும்.

"அண்ணி! நம்ம கம்ப்ரசரு!" என்று அவன் பாதி எழுந்துவிட்டான். "மூஞ்சிய மட்டும் அழிச்சுட்டானுவோ, படுபாவிங்க."

அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். அவன் செல்போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்துத் தன் மனைவிக்கு அனுப்பினான். நான் படத்துக்குப் பக்கத்தில் இருந்த வரிகளைப் படித்துக்கொண்டிருந்தேன். ஆண், நாற்பதுகளில், லாரி டயர் பழுதுபார்ப்பவர், புகைப்பழக்கம் இல்லை. அதன் கீழே அவன் ஊதியதன் கோடு. சாதாரண மனிதனின் கோடு மேலே போய் வளைகிறது. அவனுடையது கொஞ்ச தூரம் ஏறிப் படுத்துவிடுகிறது. இவ்வளவு முற்றிய நிலையிலும் நோயாளி வழக்கம்போல வேலை செய்வது கவனிக்கத்தக்கது என்றார் அவர். நோயாளி என்ற சொல்லைத்தான் பயன்படுத்தினார். நோயாளி என் பக்கத்தில் உட்கார்ந்து போனில் டிக் விழுந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

கணிதத் துறைக்காரர் அந்தக் கோட்டைச் சமன்பாடாக்கியிருந்தார். நான் படித்த பாடம். பார்த்தவரை பிழையே இல்லை. அவ்வளவு சுத்தமாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மனிதனின் மூச்சு எந்த வேகத்தில் குறையும் என்று தெரிந்துகொண்டு, அதை எழுதி, பக்கத்தில் அம்புக்குறியெல்லாம் போட்டு அழகுபடுத்தியிருக்கிறார்கள்.

அடுத்து காப்பீட்டுப் புள்ளியியல். அவர் அதே புகைப்படத்தை மறுபடி போட்டு, இந்த மனிதருக்குப் பாலிசி விற்கப்போகும் ஏஜென்டை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அரங்கம் சிரித்தது. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துக் கொழுந்தனும் சிரித்தான். தன் கம்ப்ரசரைப் பார்த்து ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பான். சிரித்ததில் இருமல் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு இருமினான்.

அந்தக் கை இன்னும் என் கையில் இருப்பது போலத்தான் இருக்கிறது.

மதியத்துக்கு மேல் பேச வேண்டியவர்களில் என் மகளும் ஒருத்தி. அழைப்பிதழில் அவள் தலைப்பை அப்போதுதான் நிதானமாகப் படித்தேன். ஆபத்தில் இருந்தும் ஆபத்தை உணராதவர்களின் மனநிலை.

சாப்பாட்டு இடைவேளையில் பேராசிரியரைப் பிடித்தேன். அந்த ஐந்து துறை ஆராய்ச்சிக்கும் தலைவர், என் மகளின் படிப்புக்கு வழிகாட்டியும் அவர்தான். பிரியாணித் தட்டில் எலும்பை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் போட்டோவுல இருக்கறவரு என் கொழுந்தனாரு. அவருக்கு இது தெரியாது."

"மேடம், நீங்க டீச்சரு, உங்களுக்குச் சொல்லணுமா? எல்லாருக்கும் நம்பர் போட்டு, பேரை எடுத்துட்டோம். ரகசியம் காக்கணும் இல்லையா?"

"யாருகிட்டேருந்து ரகசியம்? அவருகிட்டேருந்தா?"

"நாங்க வைத்தியம் பாக்க வரலையே மேடம். ஆராய்ச்சிக்குன்னு சொல்லித்தான் கையெழுத்து வாங்கினோம். பேப்பர் வெளிவரட்டும், ஊருலயே ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டுடலாம். நீங்க தால்ச்சா போட்டுக்கலையா? நல்லாருக்கு."

அவர் வாயோரத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. அதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். கெட்ட மனிதர் என்று கூடச் சொல்ல முடியாது. மென்றுகொண்டே பேசினார், அவ்வளவுதான். வேப்பமரத்துக்கு ஆள் அனுப்பியவர்கள் இவர்கள்.

கொழுந்தன் கை கழுவும் இடத்தில் இருந்தான். குழாயடியில் வைத்தே சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தம்பி, அந்தப் படத்துல உன் நுரையீரல் கெட்டுப்போச்சுன்னு போட்டிருக்கு, ரொம்பக் கெட்டுப்போச்சாம், அதைத்தான் காலையிலேருந்து பேசறாங்க என்றேன்.

"போங்கண்ணி. கேம்ப்ல ஒண்ணும் சொல்லலையே."

"அவங்க சொல்லல."

"இருந்தா சொல்லியிருப்பாங்கண்ணி." கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என் மகளைக் கூப்பிட்டான். அவள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தட்டோடு நின்றிருந்தாள். "பாப்பா, இஞ்ச வா. ஒங்கம்மா என்னமோ சொல்லுது. நீயே சொல்லு. நீதான கொழாயப் புடிச்ச."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் பேராசிரியர் நிற்கும் இடத்தைப் பார்த்தாள். எங்கே பொய் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். பெற்றவளுக்கு அதைவிடக் கேவலமான பயம் இருக்க முடியாது.

"ஆமா சித்தப்பா" என்றாள்.

"என்ன ஆமா?"

"நல்லா இல்ல. ஊதுன அன்னைக்கு எனக்குத் தெரியாது, சத்தியமா. ஆடி மாசம் எல்லா நம்பரையும் ஒண்ணா சேத்தாங்க. அப்பத் தெரிஞ்சுது. சார்கிட்ட கேட்டேன், சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

அப்போது பங்குனி நடந்துகொண்டிருந்தது. அவன் கணக்குப் போட்டுப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"சூப்பர்ன்னியே பாப்பா" என்றான்.

அவள் தட்டு சாய்ந்து குழம்பு வழிந்தது. அவன் அதை வாங்கித் திண்டில் வைத்தான். பிறகு தன் சால்வையை மடித்து அவளிடம் கொடுத்து, "இத அவங்ககிட்ட குடுத்துரு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

வாசல் வரை எங்களோடு வந்தாள். அதற்குள் மதிய அமர்வுக்கு அவள் பேரைக் கூப்பிட்டார்கள். திரும்பிப் போனாள். போய், ஆபத்தை உணராதவர்களைப் பற்றிப் படித்தாள். அதில் கவலை இல்லை என்று பதில் சொன்னவர்களில் ஒருவன் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு யாரும் சொல்லாமல் அவன் எதை உணர்வான் என்று அரங்கத்தில் ஒருவர் கூடக் கேட்கவில்லையாம். கைதட்டினார்களாம். இதையும் அவள்தான் பிறகு சொன்னாள்.

"நம்மூரு பஸ்ஸு எதுத்த பக்கம்ல நிக்கும்?" என்றான் கொழுந்தன்.

"திருச்சிக்குப் போறோம்."

"அப்ப கோயிலு?"

நான் வந்த திருச்சி பஸ்ஸுக்குக் கையைக் காட்டினேன். பஸ் சிறுவாச்சூரைக் கடக்கும்போது ஜன்னல் வழியே கும்பிட்டுக்கொண்டான்.

திருச்சியில் முதலில் பார்த்த டாக்டர் கேட்டது ஒன்றுதான். இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்? "கேம்ப்ல பாத்தாங்க சார்" என்றான் அவன். டாக்டர் என்னைப் பார்த்தார். போன நுரையீரல் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், அந்த ரோட்டில் இனி உட்காரக் கூடாது என்றார். முன்பே வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிச்சமாகியிருக்கும் என்றார்.

அன்றே அவனை அங்கே சேர்த்துக்கொண்டார்கள். மகள் மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை. கொழுந்தன்தான் அவளை டீ வாங்கி வரச் சொல்லி, இட்லி வாங்கி வரச் சொல்லி, பேச்சில் இழுத்துக்கொண்டான். அதன் பிறகு அவள் ஊருக்குப் போய், தன்னிடமிருந்த எண்களை ஆட்களோடு பொருத்தி, எங்கள் தெருவில் கோடு படுத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் நேரில் போய்ச் சொன்னாள். சிலர் அழுதார்கள். ஒருவர் அவளைத் திட்டி வெளியே அனுப்பினார். பேராசிரியர் இப்போது அவளுக்குக் கையெழுத்துப் போடுவதில்லை. அவள் படிப்பு என்ன ஆகும் என்று தெரியவில்லை. அந்தக் கவலையும் எனக்கு இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஆடியிலிருந்து பங்குனி வரை அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, அவனோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனதை நினைத்தால், அவள் தலையைத் தடவப் போன என் கை நின்றுவிடுகிறது.

கடை மூடிக் கிடக்கிறது. மரத்தைக் கழுவ ஆள் இல்லை.

போன வாரம் மறுபரிசோதனைக்குப் போயிருந்தோம். அதே மாதிரி மெஷின், அதே மாதிரி குழாய். சின்னப் பெண் ஒருத்தி அவனை நிமிர்ந்து உட்கார வைத்தாள். "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்" என்று உற்சாகப்படுத்தினாள். அவன் முகமெல்லாம் சிவந்து ஊதினான். "சூப்பர்ணே" என்றாள்.

அவன் குழாயை வாயிலிருந்து எடுத்தான். மூச்சு வாங்கி முடிக்கும் வரை அவள் பொறுமையாக நின்றாள்.

"அதெல்லாம் வேணாம் பாப்பா" என்றான். "எவ்ளோன்னு சொல்லு."

அவள் திரையைப் பார்த்துச் சொன்னாள். குறைவுதான். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, இன்னொரு தடவை ஊதுவதற்காகக் குழாயை வாங்கினான்.