ஆணி பிடுங்கிய தரை

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சாப்பாட்டின் நடுவே எழுந்து ஜன்னலண்டை போய், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை நகர்ந்ததா என்று பார்ப்பேன். நகர்ந்திருக்காது. வந்து ஒரு வாய் சாப்பிடுவேன். மறுபடியும் எழுவேன். கடலும் அப்படித்தான் ராயபுரத்தில், கல்லில் முட்டுவதும் விலகுவதும் திரும்ப முட்டுவதுமாக. அதை யாரும் குறை சொல்வதில்லை. என்னைச் சொல்கிறார்கள்.

எங்களுடையது பழைய மாடி வீடு. மாடிக்குத் தரை தேக்குப் பலகை. கீழே குடியிருப்பவர்களுக்கு அதுவே கூரை. ஈரக் காற்றில் பலகை ஊதும், வெயிலில் சுருங்கும், மறுபடி ஊதும். அந்த இழுபறியில் ஆணிகள் மெல்ல மெல்லத் தலை தூக்கிவிடும். எது எங்கே நிற்கிறது என்று எங்கள் கால்களுக்குத் தெரியும். வருகிறவர்களின் கால்களுக்குத் தெரியாது.

சம்மந்தியம்மாவின் காலுக்குத் தெரியவில்லை. என் மகள் அப்போது கைக்குழந்தையோடு திருவொற்றியூரிலிருந்து எங்களிடம் வந்திருந்தாள். மாப்பிள்ளை கை நீட்டுகிறவர். அவள் கன்னத்துத் தடம் மறைவதற்குள், அவரைப் பெற்ற இந்த அம்மா அவளை அழைத்துப்போக வந்துவிட்டார். மாடியில் மாதா படம் இருப்பதால் எல்லோரும் படியிலேயே செருப்பை விடுவது வழக்கம். அவரும் விட்டார். நாலு எட்டு வைத்திருப்பார், குதிகாலில் ஆணி ஏறிவிட்டது. என் மனைவி எண்ணெயும் பஞ்சுமாக ஓடினாள். அவர் காலைப் பிடித்துக்கொண்டே என் மகளைப் பார்த்துச் சொன்னார்:

"இன்னாமே, வூடா இது? புள்ள தவழ ஆரம்பிக்கிற நேரம். இந்த ஆணிங்க மேல வுட்டா இன்னா ஆவறது? ஞாயித்துக்கெயம பூச முடிஞ்சி வர்றேன். துணியெல்லாம் மடிச்சி வையி."

மகள் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. வந்த நாளிலிருந்தே அவனைத் தரையில் விட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறகு அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்: "அவங்க சொல்றதும் நாயம்தாம்மா. புள்ளைக்கு ஒண்ணு ஆனா நான் இன்னா பதில் சொல்வேன்? போயிடறேன்."

போனால் மறுபடி அதே கை. அந்தக் கையிடம் அவளை என் வீட்டு ஆணிகள்தான் தள்ளுகின்றன என்றால், பிடுங்குவதைத் தவிர எனக்கு வேறு என்ன வேலை? ஆசாரி திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார். திங்கட்கிழமை யாருக்கு வேண்டும்? ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுக் குறடை எடுத்தேன்.

துருப்பிடித்த ஆணி எளிதில் வராது. கிறீச்சென்று கத்திக்கொண்டு, சுற்றிலும் ஒரு கறுப்பு வளையத்தை விட்டுவிட்டு வரும். கீழ்வீட்டுக்காரர் டிரெய்லர் ஓட்டுகிறவர். கையில் சோற்றுத் தட்டோடு படியேறி வந்தார்.

"இன்னா மாமு, தரைக்குப் பல்லு புடுங்கினுகீறியா? சோத்துல பூரா தூளு. கொயம்புக்கு மசாலா போதலன்னு நான் சொன்னனா?"

"ரெண்டு நாள் பொறுத்துக்கோப்பா."

"நீ பொறுமய பத்திப் பேசற பாரு," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஆணி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் திருகாணியை ஆழமாக இறக்கிப் பலகையை இறுக்கினேன். வாடகை மிஷினை வைத்துத் தேய்த்தேன். மேல் அழுக்குப் போய் உள்ளே தேன் நிறம் தெரிந்தது, மேலெல்லாம் அம்மைத் தழும்பாக ஓட்டைகள். தேய்த்த தூளையே பசையில் குழைத்து ஓட்டையை அடைக்க வேண்டும். அந்தச் சாந்துக்கு மக்கு என்று பேர். அதே மரத்தின் தூள் என்றால்தான் நிறம் ஒட்டும். பசை கெட்டியாக இருந்தது. கொஞ்சம் தண்ணீர் வேண்டும். குடிக்கிற லாரித் தண்ணீர்க் குடம் கீழே இருந்தது, குளியலறைக் குழாய் பக்கத்தில் இருந்தது. குழாயைத் திறந்தேன். பசை கலங்கி, திரிந்த பால்போலத் திப்பிதிப்பியாய் நின்றது. பார்த்தேன். பார்த்துக்கொண்டே குழைத்தேன். வரிசை வரிசையாக, குனிந்தபடி, ஓட்டை ஓட்டையாக அடைத்துக்கொண்டே போனேன். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தும்போது மகளை இங்கேயே அழுத்திப் பிடித்துவைப்பதாக ஒரு நினைப்பு.

சனிக்கிழமை சாயங்காலம் கடல் காற்று எழுந்தது. மகள் வாசற்படியில் நின்றபடி சொன்னாள்:

"நைனா, தரை வேர்க்குது."

அடைத்த ஒவ்வொரு இடமும் ஈரமாக மினுங்கியது. விரல் வைத்தால் களிபோல் ஒட்டியது. மனைவி தொட்டு, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"எந்தத் தண்ணி ஊத்துன?"

"குழாய்த் தண்ணி."

"மோட்டார் தண்ணியா? பருப்பு வேகாத தண்ணி, துணி காஞ்சா உப்பு பூக்குற தண்ணி. இங்கயே பொறந்து வளந்தவன்தானயா நீ? குடம் கீழ கீதே."

"கீழ போவணுமில்ல."

"அதான. நூறு தபா ஜன்னலுக்குப் போவ, ஒரு தபா கீழ போவ மாட்ட."

மக்கில் உப்பு கலந்துவிட்டால் காற்று வரும்போதெல்லாம் ஈரம் குடிக்கும். அது இறுகாது. அதன்மேல் பாலிஷும் நிற்காது. அத்தனையையும் தோண்டி எடுக்க வேண்டும். விடிந்தால் ஞாயிறு.

காலையில் மனைவி பூசைக்குப் போனாள். நான் மண்டியிட்டுத் தோண்டினேன். மகள் குழந்தையை ஒரு கையில் அணைத்தபடி எதிர்ப்பக்கத்திலிருந்து தோண்டி வந்தாள். நடுவில் அவள் நிறுத்தினாள். ஈரச் சாந்தைத் தோண்டியெடுத்த ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். உள்ளங்கையால் பலகையை நெடுக்கத் தடவினாள், பிறகு குறுக்கே தடவினாள்.

"ஏன் நைனா, ஓட்டை குத்துமா?"

"அசிங்கமா கீதேம்மா. அவங்க பாத்தா இன்னா சொல்வாங்க?"

அவள் பதில் சொல்வதற்குள் கோயில் மணி ஓய்ந்து, படியில் சத்தம் கேட்டது. சம்மந்தியம்மா மேலே வந்தார். போன தடவை பட்ட பாட்டில் இம்முறை செருப்போடு. எங்கள் வீட்டில் யாரும் அப்படி ஏறியதில்லை. நான் மண்டியிட்டபடியே அந்தச் செருப்பைப் பார்த்தேன்.

"செருப்ப கழட்டிட்டு வாங்க அத்த," என்றாள் மகள்.

"இன்னொரு தபா குத்திக்கவா? தர பூரா ஓட்டயா கீது."

"ஓட்ட கீது. ஆணி இல்ல."

சொல்லிவிட்டுக் குழந்தையைத் தரையில் விட்டாள். அவன் ஒரு கணம் நான்கு காலில் நின்று ஆடினான். பிறகு தவழ்ந்தான். பாட்டியை நோக்கி இல்லை, ஜன்னல் பக்கமாக. வழியில் ஒரு ஓட்டைக்குள் விரலை விட்டுவிட்டு மேலே பார்த்துச் சிரித்தான்.

"ஐயே, வாயில வெச்சிக்கப் போறான். புடி அவன."

"நீங்களே வந்து புடிங்க."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினார். தண்ணீருக்குள் இறங்குகிறவர்போல ஒவ்வொரு பாதமாக வைத்து வந்து பேரனைத் தூக்கிக்கொண்டார். முந்தானையால் அவன் முட்டியில் ஒட்டிய தூளைத் தட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து மகள் கொடுத்த டீயைக் குடித்தார்.

"துணி மடிச்சியா?"

"மடிக்கல அத்த."

சம்மந்தியம்மா காலி டம்ளரைக் கீழே வைத்தார். குழந்தையை மகள் கையில் கொடுக்காமல், குனிந்து தரையில் விட்டுவிட்டு, தனியாகப் படியிறங்கினார்.