எஞ்சினில் குந்திய றோசம்மா

அச்சுவேலிச் சந்தையில் மீன் விற்ற என் அம்மா றோசம்மாவுக்கு வாய் கொஞ்சம் பெரிது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த வாய் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் அப்பா இருந்திருக்க மாட்டார்.

முன்பெல்லாம் இயேசு பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு எங்களுக்கு ஒரு புதுச்சட்டை, ஆளுக்கொரு பலூன். அதற்கே துள்ளுவோம். எழுபத்தொன்பதில் பக்கத்து வீட்டுச் சந்தியோகு மாமா சவூதியிலிருந்து மகனுக்குப் பற்றரியில் ஓடும் ஒரு விளையாட்டுக் கார் அனுப்பினார். அவ்வளவுதான், என் தம்பி லியோனுக்குப் பேய் பிடித்தது. ஒரு நல்ல காரியம் செய்தால் இயேசு பாலன் குடிலில் ஒரு வைக்கோல் வையுங்கள் என்று கன்னியாஸ்திரி பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தார். அந்த ஏழு வயதுக் கள்ளன், எங்கள் ஒழுங்கைத் தம்பிஐயா தன் மாட்டுக்கு வைத்திருந்த வைக்கோலில் ஒரு முழுக் கட்டையும் தூக்கிவந்து குடிலை மூடிவிட்டான்.

"இப்ப பாலன் எனக்குக் கார் தரவேணும்!"

நான் சிரித்தேன். அப்பா செபநாயகம் சிரிக்கவில்லை. பிள்ளை இப்படி ஏங்குகிறதே என்று மனம் உடைந்துபோனார். தன் மீன்பிடி வள்ளத்து எஞ்சினை விற்ற காசில் சவூதிக்கு வேலைக்குப் போவதென்று, அம்மாவுக்குத் தெரியாமல் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏசெண்டிடம் பேசியும் விட்டார்.

எஞ்சினை வாங்க ஆட்கள் தொண்டைமானாற்றுக் கரைக்கு வந்த அன்றுதான் அம்மாவுக்குச் செய்தி எட்டியது. மீன் கடகத்தைச் சந்தையிலேயே போட்டுவிட்டு பஸ்ஸில் வந்து, வீட்டில் நின்ற எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு கரைக்கு ஓடினார். அங்கே கழற்றி வைத்திருந்த எஞ்சினின் மேல் ஏறிக் குந்திவிட்டார்.

"இஞ்சாருங்கோ, முதல் என்னைத் தூக்குங்கோ. பிறகு எஞ்சினைத் தூக்கலாம்!"

"பிள்ளையளுக்காகத்தானே போறன், றோசம்மா," என்றார் அப்பா.

"அப்பிடியோ? லியோன், இஞ்சை வா. உனக்குக் கார் வேணுமோ, அப்பா வேணுமோ?"

"கார்," என்றான் லியோன், யோசிக்காமலே.

அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அம்மா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"சரி, கார் கேட்டிட்டான். நான் குடுக்கமாட்டன்! உந்தப் பொடியன் சொன்னதுக்காக என்ரை மனிசனை அனுப்பேலுமோ?" அப்பாவின் பக்கம் திரும்பினார். "நீங்கள் வலையைத் தூக்குங்கோ."

வந்தவர்கள் வெறுங்கையோடு போனார்கள். எஞ்சின் திரும்பவும் வள்ளத்தில் ஏறியது. அந்த நத்தாருக்கு லியோனுக்குச் சட்டை மட்டும்தான். அதையும் போடாமல், பலகாரமும் தின்னாமல், மூஞ்சியை நீட்டிக்கொண்டு மூலையில் இருந்தான்.

"பாவம் பொடியன், கோவிச்சுக்கொண்டிருக்கிறான்," என்றார் அப்பா.

"கோவிக்கட்டும்," என்றார் அம்மா. "அப்பா இருக்கிற வீட்டிலை இருந்து கோவிக்கட்டும்."