இருபத்து மூன்றாம் நம்பர் காட்டு மா

ஜகதீசன் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அதைச் சொல்ல அவர் என்றைக்கும் கூசியதில்லை. சொன்ன கையோடு, பெரிய படிப்புப் படித்தவர்கள் நோட்டும் பேனாவுமாகத் தன் பின்னால் நடந்த கதையையும் சொல்லிவிடுவார். கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பில் தண்ணீர் பாய்ச்ச ஆரம்பித்த ஆள், ஹைதராபாத் வந்து, பட்டான்செருவுக்கு அப்பால் உள்ள பழ ஆராய்ச்சிப் பண்ணையில் தலைமை ஒட்டுக்காரராக ஓய்வு பெற்றார். யார் சிபாரிசும் கிடையாது. கையில் ஒரு கத்தி, அவ்வளவுதான். ஓய்வுக்குப் பிறகும் விட மனமில்லாமல் தினக்கூலிக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அறுபத்தேழு வயதில், மருந்துக் கம்பெனி ஷிஃப்ட் ஆட்களுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் முழங்காலை மடக்கிக்கொண்டு போய்வருவதுதான் இப்போது அலுத்துப் போயிருந்தது.

பண்ணையின் வடக்கு மூலையில் காட்டு மா வரிசை இருந்தது. நாம் தின்னும் பங்கனபள்ளிக்குக் காட்டிலே இருக்கிற பங்காளிகள் அவை. பழத்தில் பாதி கொட்டை, மீதி புளிப்பு. ஆனால் நோயைத் தாங்குவதும் வறட்சியைத் தாங்குவதும் அந்த ரத்தத்தில்தான் இருக்கிறது. காடு போனால் அதுவும் போச்சு. அதனால் காட்டு மரங்களின் குச்சிகளை வெட்டி வந்து, நாட்டு மாங்கன்றின் தலையைச் சீவி, அதன்மேல் ஒட்டுக் கட்டி வளர்த்தார்கள். கீழே நாட்டு வேர், மேலே காட்டு மரம். மொத்தம் நாற்பத்தொன்று.

இருபத்து மூன்றாம் நம்பர் ஜகதீசனுடையது என்றே எல்லோரும் சொல்வார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் மேற்கு மலையில் இரண்டு நாள் நடந்து, ஓடைக்கரையில் நின்ற ஒற்றை மரத்தில் ஏறிக் குச்சி வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவர் அவர். இலையைக் கசக்கினால் ஜீரக வாசனை வரும். மாதக்கணக்கில் தண்ணீர் தேங்கினாலும் வேர் அழுகாத ஜாதி. அந்த வருஷ மழையிலேயே மலை சரிந்து அந்தத் தாய்மரம் போய்விட்டது. மிச்சமிருப்பது நம் பண்ணையில்தான் என்று அப்போதைய இயக்குநர் கூட்டம் போட்டுப் பேசி, ஜகதீசனுக்குப் பொன்னாடை போர்த்தினார். அதற்கப்புறம் பண்ணைக்கு எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் அந்த மரத்தடிக்குக் கூட்டிப் போவார்கள். ஜகதீசன் கதை சொல்வார்.

இந்த ஜூன் மாதம் வடக்கு மூலை முழுவதும் புது ரோட்டுக்குப் போகிறது என்று உத்தரவு வந்தது. மழை முடிவதற்குள் எல்லாவற்றையும் புது ஒட்டாகக் கட்டி வேறு இடம் மாற்ற வேண்டும். அத்தனைக்கும் இடமில்லை. எது எது உண்மையிலேயே வேறு வேறு ஜாதி, எது ஒன்றே இரண்டு நம்பரில் நிற்கிறது என்று பார்த்துக் கழிக்க, இலைகளைப் பறித்து மரபணுச் சோதனை செய்தார்கள். அந்த வேலையைப் பார்த்தவர் சபீனா. திருநெல்வேலிக்காரர், வந்து நாலு வருஷம் ஆகிறது.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் காகிதத்தோடு ஒட்டுக்கொட்டகைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, இருபத்து மூணு காட்டு மாவே இல்லன்னுல்லா வருது. அடியில வைக்கோம்லா நாட்டுக்கன்னு, அதுமாதிரியே இருக்கு."

ஜகதீசன் கத்தி தீட்டுவதை நிறுத்தவில்லை. "மிஷின் சொல்றதெல்லாம் வேதமாம்மா?"

"மிஷின் தப்பு பண்ணலை. ஃபெலிக்ஸ் கவர மாத்தியிருப்பாருன்னு நெனைக்கேன்."

இலை பறித்துக் கவரில் போட்டு நம்பர் எழுதுகிறவர் ஃபெலிக்ஸ். மௌலா அலிப் பக்கத்து ரயில்வே குடும்பம், ஒப்பந்த வேலை, இரண்டு பிள்ளைகள். அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"கைக்கு மேடம், நான் எதுக்கு மாத்துவேன்? ரெண்டு தடவ செக் பண்ணித்தான் போட்டேன். அங்கிள் பக்கத்துலதான் இருந்தாரு. சொல்லுங்க அங்கிள்!"

"எனக்கெங்கப்பா ஞாபகம்? வயசாச்சு" என்றார் ஜகதீசன்.

அதோடு ஃபெலிக்ஸின் கதை முடிந்த மாதிரிதான். ஒரு கவர் மாறியிருந்தால் நாற்பதும் மாறியிருக்கலாமே? எல்லா இலையையும் சபீனாவே மறுபடி பறித்து அனுப்பினார். முடிவு வரப் பதினைந்து நாள். அதுவரை ஃபெலிக்ஸின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று அலுவலகம் சொல்லிவிட்டது.

கவர் மாறவில்லை என்பது ஜகதீசனுக்குத் தெரியும்.

பொன்னாடை போர்த்திய மூன்றாம் வாரம் அவர் டைஃபாய்டில் படுத்தார். ஒரு மாதம் கழித்து வந்து பார்த்தால், மேலே கட்டிய காட்டுக் குச்சி காய்ந்து கருத்திருந்தது. கட்டுக்குக் கீழே நாட்டுக் கன்று தன் பாட்டுக்குத் துளிர்விட்டு முழ உயரம் நின்றது. அடியில் வரும் துளிரை உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும். இது நேற்று வேலைக்கு வந்தவனுக்கும் தெரியும். கிள்ள ஆள் இல்லாமல் போய்விட்டது. இப்போது அதை நறுக்கினால் வெறும் கட்டை, விட்டால் மரம். ஜகதீசன் கட்டிய ஒட்டு செத்தது என்று யார் வாயிலும் வரக் கூடாது. காய்ந்த குச்சியை ஒட்டச் சீவினார், ஈர மண்ணைப் பூசினார், நம்பர் தகட்டை எடுத்துத் துளிரில் கட்டினார். பத்தொன்பது வருஷம் அந்த நாட்டு மரத்தடியில் நின்றுதான் மலையேறிய கதையைச் சொன்னார். இலையைக் கசக்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆனால் ஒன்று. மீந்த குச்சியை எந்த ஒட்டுக்காரனும் வீச மாட்டான், அருகிலிருக்கும் பெரிய மரத்தின் கிளையில் செருகிக் கட்டிவிடுவான். கன்று கைவிட்டாலும் பெரிய மரம் ஊட்டி வளர்க்கும். அப்படி ஒரு குச்சியை அவர் பம்ப் ஷெட் பக்கத்துப் பங்கனபள்ளியில் ஏற்றியிருந்தார். பிடித்தது. அதிலிருந்து குச்சி எடுத்து ஓசைப்படாமல் சரி செய்துவிடலாம் என்று முதல் வருஷம் நினைத்தார். இரண்டாம் வருஷமும் நினைத்தார். மரம் உயர்ந்துகொண்டே போயிற்று. பிறகு அண்ணாந்து பார்ப்பதையே விட்டுவிட்டார். அந்தப் பங்கனபள்ளி எந்தப் பட்டியலிலும் இல்லை. வடக்கு மூலையில் பட்டியலில் இல்லாத மரங்களை வெட்ட வியாழக்கிழமை ரம்பக்காரர்கள் வருகிறார்கள்.

செவ்வாய் ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்னத்த இப்புடி அளைஞ்சிக்கிட்டு? ஒடம்புக்கு முடியலன்னா நின்னுக்க வேண்டிதானே. நீ இல்லாட்டி அந்த மரமெல்லாம் காய்க்காதா?" என்றாள் மனைவி பகவதி.

"காய்க்கும்" என்று எழுந்து கை கழுவினார்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரம். யாரும் இல்லாதபோது ஏணியை இழுத்துவந்து பங்கனபள்ளியில் சாய்த்தார். குச்சியை எடுத்துக் கட்டிவிட்டால் காட்டு மா பிழைத்துக்கொள்ளும். எங்கிருந்து வந்தது என்பதற்கு ஏதாவது ஒரு கதை சொல்லிக்கொள்ளலாம். கதைக்கா பஞ்சம்? மூன்று படி ஏறினார். நாலாவது படிக்கு முழங்கால் வரவில்லை. ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். ஒரு காலத்தில் ஓடைமேல் நீண்ட கிளையில் ஒற்றைக் காலில் நின்று வெட்டியவர். மெல்ல இறங்கி, பம்ப் ஷெட் நிழலில் உட்கார்ந்தார். அரைமணி நேரம் அப்படியே போயிற்று. ரொம்ப அசதியாக இருந்தது. அந்த அசதி ஏணியால் வந்தது மட்டும் அல்ல.

பிறகு எழுந்துபோய், டிஃபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்த ஃபெலிக்ஸ் முன்னால் நின்றார்.

"ஒரு மரம் ஏறணும். வர்றியாப்பா?"

"நக்கோ அங்கிள், வேணாம். ஏறி எதாவது ஒடைஞ்சா அதுவும் என் தலைலதான் விழும்."

"கவர் மாறல. மரமே மாறிடுச்சு. மாத்தனது நானு."

நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மலையேறிய கதையை அரைமணி நேரம் சொல்கிறவருக்கு இதைச் சொல்ல ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஃபெலிக்ஸ் டப்பாவைக் கீழே வைத்தார்.

"மூணு நாளா என்ன திருடன் மாதிரி பாக்குறாங்க. நீங்க என்கூட உக்காந்து டீ குடிச்சீங்க. பிஸ்கட் வேற குடுத்தீங்க."

"ஆமா."

"ஹவ், ஆமாவாம்!" ஃபெலிக்ஸ் டப்பாவைப் பையில் திணித்தார். "எந்தக் கிளை?"

"தெரியலப்பா. தெக்கால பக்கம். மோந்துதான் பாக்கணும்."

ஃபெலிக்ஸ் ஏறினார். ஒவ்வொரு கிளையிலும் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கிப் போட்டார். ஜகதீசன் கீழே பொறுக்கி மோந்தார். எல்லாம் பங்கனபள்ளி. இருபது, முப்பது இலை ஆயிற்று. மேலிருந்து "இன்னும் எத்தன அங்கிள்?" என்று எரிச்சலோடு குரல் வந்தது. அடுத்து விழுந்த இலை சிறிதாக, நுனி கூராக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். ஜீரகம். ஜகதீசன் அண்ணாந்து பார்த்தார். கையைத் தூக்கிக் காட்டினார்.

சபீனாவிடம் அவரே போய்ச் சொன்னார். சபீனா திட்டியிருந்தால் தேவலை. இலையை வாங்கித் தானும் மோந்து பார்த்தார்.

"வெளிநாட்டுக்காரங்களுக்கெல்லாம் அந்த மரத்தக் காட்டிருக்கோமே அண்ணாச்சி" என்றார். "எழுதிக் குடுங்க. ஃபெலிக்ஸ் மேல தப்பில்லன்னு மொதல்ல எழுதுங்க."

எழுதினார். அன்றே கிளை வெட்ட அனுமதி வாங்கினார்கள். நிழலில் வளர்ந்த கிளை, குச்சிகள் மெலிசு. நாற்பது ஒட்டுக் கட்டினார். கை கத்தியைப் பிடித்தது பிடித்தபடி இருந்தது, அதில் மட்டும் குறை சொல்ல முடியாது. வியாழக்கிழமை பங்கனபள்ளி விழுந்த சத்தம் கொட்டகை வரை கேட்டது. பண்ணைத் தாழ்வாரத்தில் மாட்டியிருந்த பொன்னாடைப் படத்தை யாரோ கழற்றி வைத்திருந்தார்கள். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

ஆகஸ்டில் ஒன்பது ஒட்டு துளிர்த்தது. முப்பத்தொன்று செத்துப்போயிற்று. தாய்மரத்தின் காய்ந்த இலை ஒன்று பண்ணையின் பழைய பதிவு அட்டையில் ஒட்டியபடி இருந்தது. அதோடு கிளையின் மரபணுவை ஒப்பிட்டு, அதே மரம்தான் என்று சபீனா சொன்னார். ஃபெலிக்ஸுக்கு ஒப்பந்தம் திரும்ப வந்தது.

ஒன்பதிலும் இலை எடுக்க ஃபெலிக்ஸ் கவர்களோடு வந்தார். உதவியாக இருக்கட்டும் என்று ஜகதீசன் பேனாவுக்குக் கை நீட்டினார்.

"நம்பர நானே எழுதிக்கறேன் அங்கிள். நீங்க இலைய மட்டும் குடுங்க."

ஜகதீசன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு மெல்ல உட்கார்ந்து, முதல் செடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளிக் கொடுத்தார்.