கொடியேற்றத்தன்று திறந்த சுஷிக்கடை

யப்பான் சாப்பாட்டுக்கடையில் பரிமாறுகிற வேலைக்குப் பெரிய படிப்பொன்றும் வேண்டாம், "சீ, பச்சை மீனோ?" என்ற கேள்வியை ஒரு நாளைக்கு முப்பது தரம் கேட்டு, முப்பதாம் தரமும் சிரிக்கிற ஒரு முகம் இருந்தால் போதும். தட்டைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக நடந்து பிழைக்கிற யாராவது இதை வாசித்தால், உங்கள் கால்வலி எனக்குத் தெரியும். என் கன்னவலி உங்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்துக் குருநகர், கடற்தொழில் செய்கிற கத்தோலிக்கச் சனம். என் அண்ணை பிரான்சிஸ், பாரிசில் ஒரு யப்பான் கடைக் குசினியில் பன்னிரண்டு வருடம் நின்றவர். கைக்குழந்தையாக விட்டுப்போன மகளுக்கு அப்பா என்றால் கைபேசிக்குள் இருக்கிற ஒரு ஆள். ஒருவழியாக ஊருக்கு வந்தவர், காரைநகரில் கசூரினா கடற்கரைக்குப் போகிற வழியில் சிவபாலன் மாஸ்ரரின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்தார். மாஸ்ரர் ஓய்வுபெற்ற கணித வாத்தியார். "நல்லூர்த் திருவிழா முடியுமட்டும் பாப்பம். சனம் வரேல்லையெண்டால் மருமோன் அதிலை கொத்துரொட்டி போடட்டும்" என்று தவணை வைத்தார். கடை சரிவராவிட்டால் அண்ணை திரும்பவும் பாரிசுக்குப் போகவேண்டியதுதான். கட்டிலுக்குக் கீழே அவருடைய சூட்கேஸ் பிரிக்காமலே கிடந்தது. அதைக் காணும்போதெல்லாம் நான் காலால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவேன்.

மீன் மலிந்த மாதம்

கடை திறக்க நாள் பார்த்ததும் நாங்கள்தான். எந்த மாதத்தில் மீன் மலிவு என்று குருநகரில் பிறந்தவருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை: நல்லூர்த் திருவிழாக் காலம். நல்ல மீனெல்லாம் ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போகும். வெளிநாட்டுச் சனமும் அப்போதுதான் விடுமுறையில் வந்து கடற்கரையை நிறைக்கும். இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு, கெட்டித்தனமாகக் கொடியேற்றத்தன்றே திறந்தோம். மீன் ஏன் மலிகிறது என்பதை மட்டும் எங்கள் வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை.

முதல் ஆட்களாக, ஒரு வான் நிறையக் கனடாக் குடும்பம் வந்து இறங்கியது. பதினாலு பேர். அவர்களை நடத்திக்கொண்டு வந்த மாமி, பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவி வாசித்தார். "பிள்ளை, இண்டைக்குக் கொடியேறினதெல்லோ? தீர்த்தம் முடியுமட்டும் நாங்கள் சைவம்" என்றார். பதினாலு சோடா குடித்துவிட்டு எழும்பிப் போனார்கள். பிறகு வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். குசினியில் அறக்குளா மீனும் சூரை மீனும் ஐஸில் படுத்திருந்தன. அண்ணை கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்: "ஜெசி, தவக்காலத்திலை இறைச்சிக்கடை திறந்த ஆக்கள் நாங்கள்தான்."

பாசி வழக்கு

இரண்டு நாள் அண்ணை சைவப் பட்டியல் ஒன்றை எழுதி எழுதிக் கிழித்தார். மூன்றாம் நாள் விடிய சாவகச்சேரிச் சந்தைக்குப் போய், கத்தரிக்காய், முருங்கையிலை, கறுத்தக்கொழும்பான் மாம்பழம் என்று சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து இறக்கினார். மீனையெல்லாம் சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டோம். குசினியை மூன்று தரம் கழுவினோம். கத்தி புதிது, பலகை புதிது. "தீர்த்தம் முடியுமட்டும் சைவம் மட்டும்" என்று மட்டையில் எழுதி வாசலில் நானே தொங்கவிட்டேன். கத்தரிக்காயைச் சுட்டு, இனிப்பும் உப்புமான சோயா விழுது பூசினார். முருங்கையிலையை மாவில் தோய்த்துப் பொரித்தார். மாம்பழத்தைச் சோற்றுக்குள் வைத்துச் சுருட்டினார். ருசி பார்த்த நான், குசினிக்குள்ளேயே ஒரு தட்டை முடித்துவிட்டேன்.

சனம் மெல்ல மெல்ல வரத் தொடங்கியது. அப்போது கோப்பாயில் இருந்து வந்த ஒருவர் சுஷியைப் பிரித்து, சுற்றியிருந்த கறுப்புத் தாளைத் தூக்கிப் பிடித்தார். "உது என்ன?" கடற்பாசி என்றேன். "கடலுக்கை இருந்து வந்தால் மச்சம்தானே!" என்றார், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. எல்லாக் கையும் அந்தரத்தில் நின்றது. அது செடிமாதிரி ஒன்றுதான் என்று நான் சொல்வதை யார் கேட்டார்கள்? சனத்தை எண்ணிப் பார்க்க வந்து வாசலில் நின்றவர் சிவபாலன் மாஸ்ரர். கணக்குப் பிழைத்தால் அவருக்குப் பொறுக்காது. அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "கடலுக்கை இருந்து வாறதெல்லாம் மச்சமெண்டால், ஐயா, நீங்கள் இனி உப்பில்லாமல்தான் விரதம் பிடிக்கோணும்."

சூப்பு

கனடா மாமி கேள்விப்பட்டு, அதே பதினாலு பேருடன் திரும்பி வந்தார். பதினாலு கிண்ணம் சூப்பை வைத்து முடித்து நிமிர்ந்தபோது ஆவி என் மூக்கில் பட்டது. குருநகர் மூக்கு. மாசிக் கருவாடு! யப்பான்காரர் சூப்புக்கு அடியில் போடுவது நம்முடைய மாசி மாதிரியான ஒரு கருவாட்டுச் சீவல்தான். சைவம் தொடங்கியபோது நாங்கள் பின்னுக்கு ஒளித்து வைத்த அந்தச் சீவல் டின்னைப் பன்னிரண்டு வருடக் கைப்பழக்கத்தில் அண்ணை எடுத்துப் போட்டுவிட்டார்.

இன்னும் ஒருவரும் வாயில் வைக்கவில்லை. பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு எனக்கு வந்தது, பொய் சொல்லமாட்டேன். சூட்கேசும் கண்ணுக்குள் வந்தது. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. "ஒருத்தரும் குடிக்காதேங்கோ! சூப்பிலை மாசி விழுந்திட்டுது. பிழை எங்கடை" என்று கத்தினேன். மாமி கரண்டியை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். கடை இத்துடன் சரி என்று நினைத்தேன். அவர் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்: "வாய் திறந்து சொன்னியே பிள்ளை, அது காணும். உதுகளைக் கொண்டுபோய் ஊத்திப்போட்டு, கத்தரிக்காயைக் கெதியாய்க் கொண்டு வா."

தடியும் கையும்

மாமி அந்தக் கதையை நல்லூர் வீதியெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த நாளில் இருந்து வான் வானாக வந்தார்கள். அதில் ஒரு அப்பு, பேரப்பிள்ளைகள் குச்சித் தடியால் சுஷியைப் பிடித்துக் காட்ட, தன்னால் முடியாமல் மூன்றை மடியில் போட்டுவிட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். அண்ணை குசினியால் எட்டிப் பார்த்து, "அப்பு, சுஷியை யப்பானிலையும் கையாலை சாப்பிடுவினம்" என்றார். உண்மைதான். அப்பு தடி இரண்டையும் பேரனின் தட்டில் போட்டார்: "பாத்தியே தம்பி, நான் பிறந்ததிலை இருந்து யப்பான்காரன்தான்."

நாடா

தீர்த்தம் முடிந்து, கடைசிப் பூங்காவனத் திருவிழாவும் முடிந்த அடுத்த நாள் மத்தியானம். மட்டையைக் கழற்றிவிட்டு மீனை உள்ளே எடுத்தோம். தவணை முடிந்துவிட்டது. மாஸ்ரர் மருமகனுடன் வந்தார். மருமகனின் கையில் அளவுநாடா. கொத்துரொட்டி அடுப்பு எங்கே வைக்கலாம் என்று அளக்க.

அளக்க உள்ளே வரவேண்டுமே! ஒரு கதிரை காலியில்லை. விரதம் முடித்த சனம் மீனுக்கு வந்திருந்தது. மீனைத் தொடாத சனம் கத்தரிக்காய்க்கு வந்திருந்தது. "மாஸ்ரர், ஒரு பத்து நிமிசம் நில்லுங்கோ" என்றேன். தன்னுடைய கட்டிடத்துக்கு வெளியே, சவுக்கு நிழலில், முறை வரும்வரை அவர் நின்றார். எனக்கு அடக்க முடியாத சந்தோசம். உள்ளே வந்ததும் பச்சை அறக்குளாதான் கேட்டார். ஒரு துண்டைத் தூக்கி, பரீட்சைத்தாள் திருத்துகிறவர்போல இரண்டு பக்கமும் பார்த்து, வாயில் போட்டுக் கண்ணை மூடினார். நான் தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணை குசினி வாசலில் நின்றார். மாஸ்ரர் இன்னொரு தட்டுக்குக் கை காட்டிவிட்டு, மருமகன் பக்கம் திரும்பினார்: "நாடாவைச் சுருட்டுங்கோ மருமோன். என்ரை கட்டிடத்திலை எனக்கே கதிரை இல்லை, உங்கடை கொத்துக்கு எங்கை இடம்?"

அன்று நான் குசினிக்குள் போய் நன்றாக அழுதேன். அண்ணையின் மகள் சூட்கேசைக் கட்டிலுக்குக் கீழிருந்து தானே இழுத்து, உடுப்பையெல்லாம் அலுமாரியில் அடுக்கினாள். காற்றுப் புகாமல் இறுக்க மூடுகிற பெட்டி என்பதால், அதற்குள் இப்போது கடற்பாசித் தாள்களை வைத்திருக்கிறோம்.

ஆக, பச்சை மீன் விற்கக் கடை திறந்த குருநகர்க்காரர் நாங்கள் கடைசியில் கத்தரிக்காயால் பிழைத்தோம் என்பதை, தயவுசெய்து, குருநகரில் மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.